வாத்தியாருக்கும் சேறுதான் முதல் பள்ளிக்கூடம்

ஹவாய்த் தீவுகளில் லனாய் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 3,000. ஒரு காலத்தில் தீவு நெடுகிலும் அன்னாசித் தோட்டம். இன்று அந்தத் தோட்டம் இல்லை. தீவின் நிலத்தில் நூற்றுக்கு 98 பங்கை 2012-ல் ஓர் அமெரிக்கக் கோடீசுவரர் விலைக்கு வாங்கிவிட்டார்.

அந்தத் தீவில் ஒரு தாய். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். தன் பிள்ளைகள் ஹவாய் மொழியிலேயே பாடம் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பக்கத்துத் தீவான மாவியில் அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் உண்டு. லனாயில் இல்லை.

கல்வி இலாகாவிடம் கேட்டார். விளம்பரம் செய்தும் ஆசிரியர் கிடைக்கவில்லை என்று இலாகா கையை விரித்தது.

தாய் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். கீழ்க் கோர்ட்டில் தோற்றார். மேலே போனார்.

2019 ஆகஸ்டில் ஹவாய் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஹவாய் மொழிவழிக் கல்வி பிள்ளைகளுக்கு எட்டும்படி செய்ய வேண்டியது அரசாங்கத்தின் கடமை. அதற்கு நியாயமான எல்லா முயற்சியும் செய்தாக வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். "ஆள் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. சம்பளத்தை உயர்த்திப் பார்க்கலாம், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அழைத்துப் போகலாம், பல ஆசிரியர்களைப் பகுதி நேரத்துக்கு அமர்த்தலாம் என்று வழிகளும் காட்டினார்கள்.

தாய் ஜெயித்தார். ஆனால் தீர்ப்பு வந்ததும் ஆசிரியர் வானத்திலிருந்து குதித்துவிடுவாரா?

ஆசிரியர் இல்லாத உரிமை, அரிசி இல்லாத உலை மாதிரி. ஹவாய் மக்களின் இன்றைய பெரிய கவலை இதுதான். மொழியும் தெரிந்து, மண்ணும் தெரிந்து, ஊராரையும் தெரிந்த வாத்தியார்கள் வேண்டும். அவர்களை எங்கே, எப்படி உண்டாக்குவது?

பெரியவர்களே மாணவர்கள்

ஹவாய் மக்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

1820-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கு வந்து இறங்கினார்கள். அதுவரை ஹவாய் மொழிக்கு எழுத்து கிடையாது. பாதிரிமார்கள் இங்கிலீஷ் எழுத்துக்களை வைத்து அதை எழுதினார்கள். இன்றைய கணக்கில் மொத்தம் 13 எழுத்து. தமிழின் 247-ஐப் படித்துத் தேறியவர்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும்!

முதலில் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தவர்கள் குழந்தைகள் அல்ல. பெரியவர்கள்! தலைவர்களும் குடிகளும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். மாவி தீவில் லஹைனா ஊருக்கு மேலே உள்ள மேட்டில், 1831-ல் 'லஹைனாலூனா' பள்ளி தோன்றியது. 1834-ல் அங்கிருந்தே ஹவாய் மொழியின் முதல் பத்திரிகை வெளிவந்தது. 1948 வரை சுமார் நூறு பத்திரிகைகள் அந்த மொழியில் நடந்தன. அவற்றின் பக்கங்களைக் கூட்டினால் லட்சத்தைத் தாண்டும். அரசியல், மருந்து, மீன்பிடிப்பு, பழங்கதை எல்லாம் அவற்றில் இருந்தன.

அப்படி இருந்த நாடு எப்படி ஊமையாயிற்று?

1893 ஜனவரியில் கரும்பு முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து ராணி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்கக் கப்பற்படை வீரர்கள் கரையில் இறங்கி நின்றார்கள். 1896-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிக்கூடங்களில் பாடம் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும். 1898-ல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1959-ல் ஹவாய் 50-வது மாநிலம் ஆயிற்று.

பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அடி வாங்கிய பிள்ளை வளர்ந்து தானும் தாயானாள். தன் பிள்ளைக்கும் அடி விழ வேண்டாம் என்று வீட்டிலும் அந்த மொழியை நிறுத்திவிட்டாள். ஒரு மொழியைக் கொல்ல கத்தி தேவையில்லை. தாயின் பயம் போதும்.

1980-களின் தொடக்கத்தில் கணக்குப் பார்த்தார்கள். தனியாக ஒதுங்கி இருந்த நீஹாவ் தீவை விட்டுவிட்டால், ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசும் பிள்ளைகள் 50 பேர் கூட இல்லை!

பாட்டிக்குச் சர்ட்டிபிகேட் இல்லை

1978-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஹவாய் மொழியும் ஆட்சி மொழி ஆயிற்று. பள்ளிகளில் ஹவாய் மொழி, சரித்திரம், பண்பாடு ஆகியவற்றை வளர்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதன்படி ஊர்ப் பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் தொழிலும் சொல்லிக் கொடுக்கச் செய்தார்கள். பெரியவர்களை ஹவாய் மொழியில் 'குபுனா' என்பார்கள்.

1984-ல் கவாய் தீவில் கேகஹா என்ற ஊரில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பாலர் பள்ளி தொடங்கினார்கள். அதன் பெயர் 'பூனானா லியோ'. குரல் கூடு என்று பொருள். தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரி மொழியை ஊட்டுகிற கூடு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அப்போதுதான் இப்படிப் பள்ளிகளைத் தொடங்கி வழிகாட்டியிருந்தார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. வேடிக்கை என்று சொன்னாலும் வயிற்றெரிச்சல்தான்!

மொழியை நன்றாகப் பேசுகிறவர்கள் யார்? பாட்டிகளும் தாத்தாக்களும். பாலர் பள்ளியில் பாடம் சொல்ல யாருக்கு அனுமதி? கல்லூரிச் சர்ட்டிபிகேட் உள்ளவர்களுக்கு. பாட்டிக்கு மொழி உண்டு, சர்ட்டிபிகேட் இல்லை. சர்ட்டிபிகேட் உள்ளவருக்கு மொழி இல்லை. சட்டமோ பாட்டிக்குத் தகுதி இல்லை என்றது!

பெற்றோர்கள் சட்டசபைப் படிகளில் ஏறி இறங்கினார்கள். 1986-ல்தான் விடிவு பிறந்தது. அந்தப் பாலர் பள்ளிகளுக்குச் சர்ட்டிபிகேட் விதி தளர்ந்தது. 1896-ன் பழைய தடையும் நீங்கியது. 90 ஆண்டுகள்!

மறு ஆண்டே, 1987-ல், அரசாங்கப் பள்ளிகளில் ஹவாய் மொழி வகுப்புகள் தொடங்கின. பாடப் புத்தகம் கிடையாது. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இரவில் உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகத்தை மொழிபெயர்த்தார்கள். ஹவாய் மொழி வரிகளைக் காகிதத்தில் அச்சிட்டு, கத்தரித்து, இங்கிலீஷ் வரிகளின் மேல் பசை போட்டு ஒட்டினார்கள். பிள்ளைகள் அதைப் படித்தார்கள். 1987-ல் சேர்ந்த பிள்ளைகளில் முதல் தொகுதி 1999-ல் உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளியே வந்தது.

அடிமரமும் வாத்தியாரும்

பள்ளிகள் பெருகின. வாத்தியார்கள் பெருகவில்லை.

ஹீலோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1997-ல் ஹவாய் மொழிக்கென்றே ஒரு கல்லூரி அமைந்தது. அதை ஒட்டி 'கஹுவவாயோலா' என்ற ஆசிரியர் பயிற்சியும் தொடங்கியது. பட்டம் பெற்று, ஹவாய் மொழியும் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அதில் இடம். பயிற்சியே ஹவாய் மொழியில்தான் நடக்கும். கோடையில் கூடியிருந்து கடுமையான பாடம். பிறகு பள்ளிக்கூடத்தில், பழகிய ஆசிரியர் ஒருவரின் பக்கத்தில் இருந்து வகுப்பு எடுக்க வேண்டும்.

ஹவாய் மொழியில் ஆசிரியருக்கு 'குமு' என்று பெயர். அடிமரத்துக்கும் அதே பெயர்தான். ஒன்றின் மூலத்துக்கும் அதே சொல். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் கூட ஒரே சொல்தான். 'ஆவோ' என்பார்கள். கற்காதவர் கற்பிக்க முடியாது என்று அந்த மக்கள் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லிலேயே அது இருக்கிறது.

ஹவாய் மொழிப் பள்ளிகள் மட்டும் அல்ல, சாதாரண இங்கிலீஷ் பள்ளிகளிலும் பிரச்சினை உண்டு. ஹவாயில் விலைவாசி அதிகம். வீட்டு வாடகை மிக அதிகம். உள்ளூர் ஆசிரியர்கள் போதாமல், ஆண்டுதோறும் அமெரிக்காவின் பெருநிலத்திலிருந்து ஆட்களை வரவழைக்கிறார்கள். 2,000 மைலுக்கு அப்பாலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. கொஞ்ச நாள் இருப்பார். கடற்கரையைப் பார்ப்பார். வாடகையைப் பார்ப்பார். திரும்பிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த மண்ணோடு அவரை யாரும் சேர்த்து வைக்கவில்லை.

அதனால்தான் ஆசிரியர்களுக்கு மண்ணிலும் பாடம் நடத்துகிறார்கள்.

சேற்றில் பாடம்

ஹொனலூலு நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே கானேவாய் என்ற இடத்தில் ஒரு வயல் இருக்கிறது. கைவிடப்பட்டுக் கிடந்த பழைய வாய்க்காலை 1980-ஐ ஒட்டி மாணவர்கள் கண்டுபிடித்துத் தூர் எடுத்தார்கள். தண்ணீர் வந்தது. பாத்தி கட்டினார்கள். 'கலோ' நட்டார்கள்.

கலோ என்பது வேறொன்றும் இல்லை. சேப்பங்கிழங்குதான்! தமிழ்நாட்டில் வறுவலுக்குப் போகிற கிழங்கு, ஹவாயில் தலையாய சோறு. கிழங்கை வேகவைத்து, கல்லால் இடித்து, தண்ணீர் விட்டுக் கூழாக்கிச் சாப்பிடுவார்கள்.

அந்தக் கிழங்குக்கு ஒரு கதை உண்டு. வானத் தந்தைக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. வீட்டின் பக்கத்தில் புதைத்தார்கள். அந்த இடத்தில் முளைத்ததுதான் கலோ. இரண்டாவதாகப் பிறந்த பிள்ளை மனிதன். ஹவாய் மக்கள் எல்லோரும் அவன் வழி வந்தவர்கள். ஆகவே கலோ அவர்களுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடுகிறான். தம்பி அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதையைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பக்கம். முழங்கால் சேற்றில் நின்று கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

பயிற்சிக்கு வருகிறவர் வயலில் நேரே கால் வைக்க முடியாது. வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டு, ராகத்தோடு ஓத வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பதில் ஓதி அழைப்பார்கள். தன் பெயர் என்ன, எந்த ஊர், அந்த ஊரில் எந்த மலை, எந்த ஆறு, முன்னோர் யார் என்று சொல்ல வேண்டும். பெருநிலத்திலிருந்து வந்தவர் பலருக்கு இங்கேயே தடுமாற்றம். தன் ஊர் ஆற்றின் பெயரே நினைவுக்கு வராது! அதுவே முதல் பாடம்.

பிறகு களை பிடுங்குவது. வாய்க்காலைத் திருத்துவது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சூடாகும். சூடானால் கிழங்கு அழுகும். ஒரு பாத்தியில் புகுந்த தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகும். கடைசியில் ஆற்றுக்கே திரும்பிவிடும். மேல் வயல்காரன் தண்ணீரை அடைத்துக்கொண்டால் கீழ் வயல்காரன் பட்டினி. இது கணக்கா, விஞ்ஞானமா, ஒழுக்கமா? மூன்றும்தான்.

ஹவாய் மொழியில் தண்ணீருக்கு 'வாய்' என்று பெயர். செல்வத்துக்கு 'வாய்வாய்'. இரண்டு பங்கு தண்ணீர் இருந்தால் பணக்காரன்! நிலத்துக்கு அவர்கள் வைத்த பெயரிலும் 'ஊட்டுவது' என்ற பொருள் இருக்கிறது. மலை உச்சியிலிருந்து கடல் வரை ஆற்றை ஒட்டி நிலத்தைப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் மரம், வயல், மீன் மூன்றும் கிடைக்கும்.

கடலோரத்தில் இன்னொரு பள்ளிக்கூடம். ஒவாஹு தீவில் ஹேயியா என்ற இடத்தில், சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் கட்டிய மீன் குளம் இருக்கிறது. 88 ஏக்கர். சுற்றுச்சுவர் ஒன்றேகால் மைலுக்கு மேல். இரண்டு பக்கமும் கருங்கல், நடுவே பவழக்கல். ஆற்று நீரும் கடல் நீரும் அதில் கலக்கும். மதகில் குச்சிக் கதவு. சிறு மீன் உள்ளே நுழையும். பாசியைத் தின்று கொழுக்கும். கொழுத்த பின் வெளியே போக முடியாது! மடவை மீனும் பால்மீனும் அதில் வளர்ந்தன.

1965-ல் வெள்ளம் வந்து சுவரை உடைத்தது. குளம் பாழாயிற்று. வெளியிலிருந்து கொண்டுவந்த அலையாத்தி மரம் மண்டியது. 2001-ல் உள்ளூர் இளைஞர்கள் சங்கம் அமைத்து, மரத்தை வெட்டவும் கல்லை அடுக்கவும் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஆசிரியர்கள் வந்தார்கள். உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். 2015 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை கல்லை மாற்றி, பெரிய உடைப்பை அடைத்தார்கள்.

அந்த வரிசையில் நின்ற ஆசிரியர், மறுநாள் வகுப்பில் நீளம், அகலம், கன அளவு கணக்குப் போடும்போது பிள்ளைகள் தூங்குவார்களா? உப்பின் அளவு, அலை ஏற்றம், பிறை எல்லாம் அங்கே பாடம். ஹவாய் மக்கள் மாதத்தின் 30 இரவுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த இரவில் மீன் பிடிக்கலாம், எந்த நாளில் நடலாம் என்று அதில் தெரியும். திதி பார்க்கிற வீட்டில் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இரவல் ஆசிரியர்

ஒரு வித்தை ஒருமுறை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயிலேயே சாட்சி இருக்கிறது.

1976-ல் 'ஹோகுலேயா' என்ற இரட்டைத் தோணியில், திசைகாட்டும் கருவி எதுவும் இல்லாமல், 2,000 மைலுக்கும் அப்பால் உள்ள தஹீத்தி தீவுக்குப் போனார்கள். முன்னோர்கள் போன வழி அது. ஆனால் நட்சத்திரமும் அலையும் பார்த்து ஓட்டத் தெரிந்தவர் ஹவாயில் ஒருவரும் மிஞ்சவில்லை. மைக்ரொனேசியாவின் சதவால் என்ற பொட்டுத் தீவிலிருந்து மவ் பியாய்லுக் என்ற மாலுமியை அழைத்து வந்தார்கள். அவர்தான் வழி காட்டினார். நைனோவா தாம்ஸன் என்ற ஹவாய் இளைஞர் அவரிடம் கற்றார். 1980-ல் தாமே தஹீத்தி வரை தோணியை நடத்திப்போய்த் திரும்பினார்.

மவ் பியாய்லுக் தன் குல வித்தையை அந்நியருக்குக் கொடுக்க மறுத்திருந்தால்? அந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் 2010-ல் காலமானார். அவர் சீடர்களின் சீடர்கள் இன்று தோணி ஓட்டுகிறார்கள்.

மார்க்கு வருமா?

பெற்றோர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சேற்றில் இறங்கினால் மார்க்கு வருமா? இங்கிலீஷ் வருமா? உத்தியோகம் கிடைக்குமா?

நியாயமான சந்தேகம்தான். வயலுக்குப் போகிறோம் என்று பாடத்தையே விட்டுவிட்டால், ஏழைப் பிள்ளைக்குத்தான் நஷ்டம். ஹவாய் மொழிப் பள்ளிகளில் இங்கிலீஷையும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே படித்தவர்கள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். சிலர் அதே பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகத் திரும்பியிருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்துதான் பெரிது. வருஷத்துக்கு ஒரு நாள் பூமாலை போட்டுக்கொண்டு, ஹூலா நடனம் ஆடி, போட்டோ எடுத்துக்கொண்டு, 'பண்பாடு கற்பித்தாயிற்று' என்று ஏட்டில் எழுதிவிடுவது! ஹோட்டல்காரர்கள் உல்லாசப் பயணிகளுக்குச் செய்வதும் அதுதான். பள்ளிக்கூடமும் அதையே செய்தால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? 2015-ல் மாநிலக் கல்விக் குழு ஹவாய்ப் பண்புகளை வைத்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. சேர்ந்து வாழ்தல், பொறுப்பு, திறமை, அன்பு, நலம், ஹவாய் உணர்வு என்று அதில் ஆறு அம்சம். நல்ல திட்டம். காகிதத்தில் இருந்து வகுப்புக்குள் வர அதற்கும் ஆசிரியர்தான் கால்.

லஹைனாவின் ஆலமரம்

இதெல்லாம் பழம்பெருமை என்று நினைப்பவர்கள் லஹைனாவைப் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 8-ந்தேதி அந்த ஊர் எரிந்தது. 102 பேர் மாண்டார்கள். ஊரின் நடுவே 1873-ல் நட்ட பெரிய ஆலமரம். இந்தியாவிலிருந்து கன்றாகப் போன மரம் அது. அதுவும் கருகியது. ஆனால் சாகவில்லை. சில வாரங்களில் மீண்டும் துளிர் விட்டது.

அறுந்த மின்சாரக் கம்பியிலிருந்து நெருப்பு பிடித்தது. சூறைக்காற்று அதை ஊருக்குள் தள்ளியது. ஆனால் அந்த ஊர் எப்படி அவ்வளவு காய்ந்து கிடந்தது?

அரசர்கள் காலத்தில் லஹைனா நீர் நிறைந்த ஊர். குளம் இருந்தது. கலோ வயல் இருந்தது. பலாவுக்கு உறவான ஈரப்பலா மரங்கள் நிழல் கொடுத்தன. கரும்பு ஆலைகள் மலைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டன. 1910-களில் குளத்தையும் மண் போட்டு மூடினார்கள். 1999-ல் அங்கிருந்த ஆலையும் மூடியது. கரும்புக் காடு தரிசாயிற்று. அந்நியப் புல் ஆள் உயரம் வளர்ந்து காய்ந்து நின்றது.

தண்ணீர் எங்கே ஓடியது, ஏன் நின்றது என்று அந்த ஊர்ப் பிள்ளைக்கு யார் சொல்வது? நேற்று வந்து நாளை போகிற ஆசிரியரால் சொல்ல முடியாது. ஊரில் வேர் விட்ட ஆசிரியரால்தான் முடியும். லஹைனாலூனா மேட்டில் உள்ள பள்ளி நெருப்புக்குத் தப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் பிள்ளைகள் அங்கு திரும்பினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் எரிந்த ஊர்.

செய்ய வேண்டியது

2020 ஜனவரியிலிருந்து ஹவாய் மொழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். லனாய்த் தாயின் வழக்கில் நீதிபதிகள் சொன்ன வழிகளில் இது ஒன்று. இது சலுகை அல்ல. இங்கிலீஷ் புத்தகத்தில் பசை போட்டு ஒட்டிய கைகளுக்கு என்றோ கொடுத்திருக்க வேண்டிய கூலி. வரவுசெலவுத் திட்டத்தில் பணம் குறையும்போது முதலில் வெட்டுவது இதைத்தானா என்று பார்க்க வேண்டும்.

பணம் மட்டும் போதாது. சிறு தீவுக்குப் போகிற ஆசிரியருக்கு வீடு வேண்டும். பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுக்கு உதவித்தொகை வேண்டும். சேற்றில் கழித்த நாளையும் சர்வீஸ் நாளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். வயலிலும் மீன் குளத்திலும் சொல்லிக் கொடுக்கிற பெரியவர்களுக்கு நன்றி சொல்லி மாலை போட்டால் ஆயிற்று என்று விட்டுவிடாமல், சம்பளம் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு வயதாகிறது. 1986-ல் சட்டசபையில் யாருடைய தகுதிக்காக வாதாடினார்களோ, அந்தப் பாட்டிகளில் அநேகர் இப்போது இல்லை.